பேர் சொல்லா மருந்து



பிள்ளை பிறந்த வீடுகளில் நம் மூதாட்டியர் ஒரு வேரைப் பத்திரமாக வைத்திருப்பர். அதனை விளக்கில் சுட்டு, கல்லில் உரைத்து, வயிறு உப்பி அழும் குழந்தையின் நாவில் தடவுவர். துண்டுகளாக நறுக்கிக் கையில் வளையாகவும் கட்டுவர். அது யாது என்று வினவினால் பெயரைச் சொல்லார். ‘பேர் சொல்லாதது’ என்பர். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று சுற்றி வளைத்துச் சொல்வர். அவ்வேரின் பெயர் வசம்பு. வாய்விட்டுப் பெயரைச் சொன்னால் அதன் குணம் போய்விடும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

இவ்வழக்கம் ஒரு வேரோடு நின்றிருந்தால் யாம் எழுதப் புகுந்திரோம். மஞ்சட்காமாலைக்குப் பச்சிலை தருவோரும், நாய்க்கடிக்கு மருந்து தருவோரும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவோரும் இலையை உருத்தெரியாமல் அரைத்தே கொடுக்கின்றனர். தந்தை தன் மகனுக்கு மட்டும், அதுவும் சாகுந்தறுவாயில், காதோடு காதாகச் சொல்லிச் செல்கிறார். சொல்வதற்கு முன்னரே தந்தை கண் மூடினால் அவரோடு மருந்தும் சுடுகாடு போய்ச் சேருகிறது.

நம் பெங்களூர் நகரத்துச் சந்துகளிலும் மாடிகளிலும் இந்நாளில் பலர் மூலிகைத் தொட்டி வைக்கின்றனர். பழைய வர்ண வாளிகளில் கற்பூரவள்ளியும் துளசியும் தழைக்கின்றன. மகிழத்தக்கதே. ஆயினும் செடியை வளர்ப்பதற்கு முன் தீர்க்கவேண்டிய அறவினா ஒன்று உண்டு. மருந்தை அறிந்தவன் அதன் பெயரையும் முறையையும் மறைப்பது அறமாகுமா? ஆகாது என்பதே எமது துணிபு. அதற்கான காரணங்களை முறையே கூறுவோம்.

முதலில் நம் ஆசிரியரின் நிலையைக் காண்போம். பகவர் தம் இறுதிக் காலத்தில், வைசாலி நகருக்கு அருகே பேலுவ கிராமத்தில் மழைக்காலம் தங்கியபோது கடுநோயுற்றார். நோய் தணிந்தபின் ஆனந்தர், சங்கத்திற்கு இறுதியாகச் சொல்லவேண்டியது ஏதேனும் இருக்கும் என்று எதிர்பார்த்து நின்றார். அப்போது பகவர், தம்மிடம் மறைத்து வைத்த போதனை எதுவும் இல்லை என்றும், சில ஆசிரியர் கைக்குள் மூடி வைத்துக்கொள்வதுபோல் தாம் எதையும் மூடி வைத்ததில்லை என்றும் உணர்த்தினார். அக்காலத்து ஆசாரியர் பலரிடம் ஒரு மூடிய கை இருந்தது. தமக்கு மிக நெருங்கிய மாணாக்கனுக்கும் கடைசி வித்தையைச் சொல்லாமல் வைத்துக்கொள்வர். பகவரிடம் அந்தக் கை இல்லை. பிறவிப் பிணிக்குரிய மருந்தையே மூடாத ஆசிரியரின் வழி வந்தோம் என்று சொல்லிக்கொண்டு, இருமலுக்குரிய இலையை நாம் மூடி வைப்பது பொருந்துமோ?

இன்னும் நேரான சான்று விநயத்தில் உண்டு. மகாவக்கத்தின் ஆறாம் பகுதி மருந்துகளைப் பற்றியது. நோயுற்ற பிக்குகள் எவ்வெவற்றை மருந்தாகக் கொள்ளலாம் என்று அங்கே பெயர் பெயராக எண்ணப்பட்டுள்ளது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்னும் ஐந்து. இலைகளில் வேம்பு, வெட்பாலை, துளசி, பருத்தி முதலியன. காய்கனிகளில் திப்பிலி, மிளகு, வாய்விடங்கம், கடுக்காய், தான்றிக்காய், நெல்லி முதலியன. வேர்களில் முதலாவது மஞ்சள், இரண்டாவது இஞ்சி. மூன்றாவது யாது? வசம்பு! நம் மூதாட்டியர் பெயர் சொல்ல அஞ்சும் அதே வேரைப் பகவரின் சங்கம் ஊரறியப் பெயர் சொல்லி ஏட்டில் ஏற்றி வைத்தது. சொன்னதால் அதன் குணம் போயிற்று என்று எவரும் எழுதவில்லை. நம் கன்னட அண்டை வீட்டார் அதனை ‘பஜெ’ என்கின்றனர். தமிழில் பெயர் சொன்னால் ஓடிப்போகும் ஆற்றல் கன்னடத்தில் சொன்னால் மட்டும் நிற்குமோ என்று சிறு பிள்ளையும் கேட்கும்.

பகவரின் மருத்துவரான ஜீவகரின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவர் இராசகிருகத்தில் குப்பைமேட்டில் எறியப்பட்ட குழந்தை. அபய இளவரசர் எடுத்து வளர்த்தார். தட்சசீலம் சென்று ஏழாண்டு மருத்துவம் கற்றார். கல்வி முடிந்ததா என்று கேட்டபோது ஆசிரியர் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, நகரைச் சுற்றி ஒரு யோசனைத் தொலைவில் மருந்தாகாத செடி எது உண்டோ அதைக் கொண்டுவருக என்றார். ஜீவகர் சுற்றித் திரிந்து வெறுங்கையோடு திரும்பினார். மருந்தாகாத செடி ஒன்றையும் தாம் காணவில்லை என்றார். அதுவே தேர்வில் வெற்றி. குப்பையில் எறியப்பட்டவர் குப்பைச்செடியிலும் குணம் கண்டார். பிறப்பால் தள்ளப்பட்ட நமக்கு இக்கதையின் சுவை தனியே தெரியும். ஆயினும் இதில் மற்றொரு பொருளும் உண்டு. ஒவ்வொரு செடியையும் நின்று நோக்கி, இன்னது என்று தெரிந்தாலன்றி அந்த விடையை அவர் சொல்லியிருக்க முடியாது. ஆகவே மருத்துவத்தின் முதற்படி செடியின் பெயரறிதலே.

அசோக மன்னர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம் இதனை நாடளாவிய அறமாக்கியது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தியதையும், மூலிகைகளும் கிழங்குகளும் கனிகளும் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும் அது கூறுகிறது. தம் ஆட்சிக்கு உட்படாத சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி வரையில் இவ்வுதவி சென்றதாகவும் அச்சாசனம் பேசுகிறது. எல்லைக்கு அப்பால் வாழ்ந்த தமிழ் மக்களுக்கும் செடி அனுப்பிய அந்தக் கை திறந்த கையன்றோ?

நம் காலத்திற்கு அருகில் வருவோம். தமிழ் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாச பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர் என்பது நாமறிந்ததே. 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயலிலும் இப்பெங்களூரிலும் தழைத்தன. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கூலியாளும் வாங்கத்தக்க விலையில் கல்வியை வைத்தார் என்பது அப்பெயரிலேயே விளங்கும். இளமையில் தம் உடலை முடக்கிய நோயைப் பண்டிதர் மருந்தளித்துத் தீர்த்ததைத் திரு. வி. கலியாணசுந்தரனார் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேயர் ஒருவர் வீட்டுச் சமையற்பணியில் இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிஸ் துரை கையில் சேரும்படி கொடுத்தவர் அவரே என்று பண்டிதர் எழுதினார். அடுக்களையில் இருந்த ஏடு அச்சேறிய வரலாறு அது. அவ்வேட்டை மூடி வைத்திருந்தால் செல்லுக்கு இரையாகியிருக்கும். 2005இல் சென்னைத் தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அயோத்திதாச பண்டிதர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1927இல் மகாடு நகரத்துச் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். பொதுவாகிய நீரைப் பிறப்பின் பெயரால் பூட்டியதை எதிர்த்த செயல் அது. ஏடும் அவ்வாறே நமக்குப் பூட்டப்பட்டது, எழுத்தும் பூட்டப்பட்டது. பூட்டிய கதவின் புறத்தே தலைமுறை தலைமுறையாக நின்ற நாம், நம் கையில் உள்ள சிறு அறிவுக்குத் தாமே பூட்டுப் போடலாமோ?

இனி, மறைப்போர் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு கேட்க வேண்டும்.

“பெயர் சொன்னால் பலிக்காது” என்பது முதற்காரணம். இலையின் குணம் அதன் சாற்றில் உள்ளதேயன்றி நம் நாவில் இல்லை. ஆடாதோடை இலையில் வாசிசின் என்னும் சத்து உண்டு. அச்சத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை உலகெங்கும் சளியிளக்கியாக விற்கின்றனர். இலையின் பெயரும் சத்தின் பெயரும் நூல்களில் அச்சாகிவிட்டன. சளியும் இளகிக்கொண்டுதான் இருக்கிறது.

“பெயர் சொன்னால் பெரிய கம்பெனிக்காரன் திருடிக்கொள்வான்” என்பது இரண்டாங்காரணம். இது வெறும் அச்சமன்று. 1995இல் அமெரிக்காவில் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கே காப்புரிமை வழங்கிவிட்டனர். ஆனால் அது எவ்வாறு முறிந்தது என்பதை நோக்குக. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழக்குத் தொடுத்து, பழைய வடமொழி நூலையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்துக் காட்டிற்று. இது முன்னரே பலரும் அறிந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டதால் 1997இல் காப்புரிமை இரத்தாயிற்று. மஞ்சளைக் காத்தது மறைப்பு அன்று. முன்னோர் பெயர் சொல்லி எழுதி வைத்ததே காத்தது. எழுதப்படாத பச்சிலைக்கு வழக்காட எவரிடம் சான்று இருக்கும்?

மூன்றாங்காரணம் பிழைப்பு. “எம் குடும்பத்துக்கு இதுவே சோறு” என்பர். இதனை எள்ளி நகையாடோம். அறிந்தவருக்கு உரியது சேரவேண்டும் என்பதும் அறமே. 1987இல் கேரளத்து அகத்தியமலைப் பகுதியில் காணி மக்கள் தாம் களைப்பு நீங்கத் தின்னும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியை ஆராய்ச்சியாளருக்குக் காட்டினர். அதிலிருந்து செய்த மருந்தின் வருவாயில் ஒரு பகுதி அம்மக்களுக்கே பங்காக ஒதுக்கப்பட்டது. அதிலும் காணிகளுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. ஆயினும் அறிவைத் திறந்து வைப்பதும் அறிந்தோருக்குப் பங்கு தருவதும் ஒன்றோடொன்று முரண்படா என்பதற்கு அது ஒரு சான்று. மருத்துவர் தம் உழைப்புக்குக் கூலி பெறலாம், பெறவேண்டும். மருந்தரைத்த கைக்குக் கூலி கொடுப்பது நேர்மையான வணிகம். மறைத்து வைத்ததற்கே கூலி கேட்பது, பிறர் அறியாமையை விலைக்கு விற்பதாகும்.

“அறியாதவர் கையில் கிடைத்தால் தீங்காகும்” என்பது நான்காங்காரணம். நால்வகைக் காரணத்துள் வலுவுள்ளது இதுவே. அதற்கு விடை சொல்லுமிடத்தில்தான் இக்கட்டுரையின் உயிர் இருக்கிறது.

தீங்கு உண்டு, மெய்யே. ‘பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?’ என்று நம் மக்கள் கூறுவது பெரும்பிழை. அரளியும் பச்சிலைதான், அதன் விதை உயிரைக் குடிக்கும். 1990ஆம் ஆண்டையொட்டிப் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. 1993இல் அதன் செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆராய்ந்தபோது, ஒன்றுபோல் ஒலிக்கும் சீனப் பெயர்களால் ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது தெரிந்தது. கலந்தது அரிஸ்டலோக்கியா இனத்துச் செடி. அதே இனத்தைச் சேர்ந்ததுதான் நம் ஊர்ப் பக்கத்து ஆடுதின்னாப்பாளை. அவ்வினத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என்று இன்று உறுதியாகியுள்ளது. பெயர் மயக்கத்தால் விளைந்த கேடு இது. பெயர் தெளிவாக இருந்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆராய்ச்சியாளர் செடியின் பெயரைத் தேடிக் கண்டதனால்தான் பிற நாட்டாரும் விழித்துக்கொண்டனர்.

வசம்பையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதில் பீட்டா அசரோன் என்னும் பொருள் உண்டு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டிகள் தோன்றியதால், 1968இல் அமெரிக்க அரசு உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. நம் சித்தர் முறையில் சுட்டுச் சுத்தி செய்தே பயன்படுத்தும் வழக்கம் இருப்பினும், பிறந்த குழந்தைக்கு வாய்வழி கொடுப்பதை இக்கால மருத்துவர் விலக்குகின்றனர். ஏட்டில் பெயர் இருந்ததனால் சோதனைக்கு வந்தது. சோதனைக்கு வந்ததனால் ஐயம் வெளிப்பட்டது. ‘பேர் சொல்லாதது’ என்று உலகமெல்லாம் வாய் மூடி இருந்திருந்தால் இதனை எவர் ஆராய்ந்திருப்பர்? ஆகவே நான்காங்காரணம் தலைகீழாகத் திரும்புகிறது. தீங்கு நேரும் என்பது மறைப்பதற்குக் காரணமாகாது. தீங்கு நேரக்கூடும் என்பதற்காகவே பெயரைச் சொல்லவேண்டும்.

கேசபுத்த ஊரார்க்குப் பகவர் அருளிய போதனை நமக்குத் தெரியும். மரபு என்றும், பெரியோர் சொல் என்றும் மட்டுமே ஒன்றை ஏற்றுக்கொள்ளாது, அது நன்மை விளைப்பதா என்று தாமே ஆராய்ந்து கொள்ளுமாறு அறிவுறுத்தினார். அந்த ஆராய்ச்சியைப் பச்சிலை மருத்துவத்தில் செலுத்தினால் விந்தையான உண்மை ஒன்று புலனாகும்.

கடித்த நாய்களில் எல்லாவற்றுக்கும் வெறி இருப்பதில்லை. கடித்த பாம்புகளில் நஞ்சில்லாதவையே மிகுதி. நஞ்சுள்ளதும் சில வேளை நஞ்சைச் செலுத்தாது விடும். காமாலைகளில் சிலவகை, ஓய்வும் நல்லுணவும் இருந்தால் சில வாரங்களில் தாமே தீரும். இம்மூன்றிலும் பச்சிலை கொடுத்தவர்க்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது. பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். இறந்தவர் வந்து சாட்சி சொல்லார். மறைக்கப்பட்ட மருந்துக்கு இவ்வாறு பொய்ப்புகழ் சேருகிறது. வெறிநாய்க்கடியில் நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பார் இல்லை என்றே சொல்லலாம். கடித்தவுடன் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி தொடங்குவதே உயிர் காக்கும் வழி. பாம்புக்கடிக்கும் மருத்துவமனையில் உள்ள நஞ்சுமுறிவு ஊசியே மருந்து. இவ்விரண்டிலும் பச்சிலைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் உயிரிழப்புக்கு வழியாகும். நம் வீட்டு வேலைக்காரப் பெண்களும், விடியலில் தெருக்கூட்டும் சகோதரரும் நாய்க்கடிக்கு மிக ஆளாகின்றனர். அவர்களுக்குப் பச்சிலை கட்டி அனுப்புவது கருணையன்று. முதற்சீலத்தின் வாயிலில் நின்று செய்யும் பிழை.

கீழாநெல்லியின் வரலாறு மற்றொரு பாடம். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர், கல்லீரலைத் தாக்கும் ‘பி’ வகைக் கிருமியைத் தாங்கியோர்க்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அறிவித்தனர். உலகமே வியந்தது. பின்னர்ப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அத்தகைய நற்பயன் காணப்படவில்லை. இதனைக் கேட்டு வருந்தவேண்டியதில்லை. பெயரையும் அளவையும் முறையையும் வெளியிட்டதனால்தான் பிறர் சோதிக்க முடிந்தது. அந்தக் கிருமிக்கு இன்று தடுப்பூசி உண்டு. பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுவிப்பது கீழாநெல்லியை நம்பி இருப்பதினும் மேலானது.

சோதனையில் வென்ற மூலிகையும் உண்டு. சீனத்தில் கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹொங் என்பவர் ஒரு மருத்துவ நூலில், மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குளிர்சுரத்துக்குக் கொடுக்கலாம் என்று பெயரும் முறையும் எழுதி வைத்தார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் தூ யூயூ என்னும் அம்மையார் அவ்வேட்டைப் படித்து, காய்ச்சாமல் பிழியச் சொன்னதன் நுட்பத்தை உணர்ந்து, 1972இல் மலேரியாவை வெல்லும் சத்தைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பழம்புலவர் தம் மகன் காதில் மட்டும் சொல்லிச் சென்றிருந்தால், பல இலட்சம் பிள்ளைகளின் உயிர் காக்கும் மருந்து அவரோடு மண்ணாகியிருக்கும்.

மருந்து நோயை மறைப்பதும் உண்டு என்பதை நம் தொழிலாள அன்பர் மறவாதிருக்க வேண்டும். யாம் ஆலையில் உழைத்த நாட்களில் பஞ்சுத் தூசியால் இருமுவோர் ஆடாதோடைக் கியாழம் குடித்து நெஞ்சு இளகி, மறுநாள் அதே தூசிக்குள் நுழைவர். இலை தன் கடமையைச் செய்தது. தூசியோ நுரையீரலை விட்டு நீங்கவில்லை. துக்கத்தை மட்டும் கண்டு, துக்கத்தின் காரணத்தைக் காணாதவனுக்கு நால்வகை வாய்மைகளுள் முதலாவது மட்டுமே கைவந்தது என்க. தூசியைக் குறைப்பதும், முகமூடி கேட்பதும், மருத்துவரிடம் நெஞ்சைக் காட்டுவதும் அவ்விலையோடு சேர்ந்த மருந்துகளே.

இனி, வீட்டில் மூலிகை வளர்க்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். நம் நகரத்து எலகங்காவை அடுத்து இயங்கும், 1993இல் தொடங்கப்பெற்ற உள்ளூர் நலவாழ்வு மரபுகளின் புத்துயிர்ப்பு அறக்கட்டளை, வீட்டு மூலிகைத் தோட்டங்களைப் பரப்பும் பணியைச் செய்துள்ளது. காட்டுச் செடிகளை வேரோடு அழிக்காது காப்பதும் அதன் நோக்கம். கற்பூரவள்ளி, துளசி, தூதுவளை, ஆடாதோடை, நொச்சி, வல்லாரை, சோற்றுக்கற்றாழை, நிலவேம்பு ஆகியவை நம் பெங்களூர்ச் சீதோஷ்ணத்தில் தொட்டியிலும் வளரும். கற்பூரவள்ளிக்கு ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும். துளசிக்கு வெயில் வேண்டும். வல்லாரைக்கு ஈரமும் அரை நிழலும் வேண்டும்.

வெளியில் பறிப்போர் இடமறிந்து பறிக்கவேண்டும். பெள்ளந்தூர் ஏரியில் கழிவு நீர் மிகுந்து நுரை பொங்கியதையும், 2015இலும் 2017இலும் 2018இலும் அங்கே தீப்பற்றியதையும் நாடறியும். அத்தகைய கரைகளில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் செழித்திருப்பது கண்டு ஏமாறலாகாது. மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கீரை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அவை போகா. சாலையோரமும் சாக்கடையோரமும் அவ்வாறே. பிக்குகள் செடியை வெட்டவும் ஊறு செய்யவும் கூடாதென்பது விநயம். இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லையெனினும் அதன் கருணையை நாம் கைக்கொள்ளலாம். இலை போதுமானால் இலை மட்டும் கொள்க. வேர் வேண்டுமானால் ஒன்று எடுத்தவிடத்தில் ஒன்று நடுக. மலரைக் கெடுக்காது தேன் கொள்ளும் வண்டு தம்மபதத்தில் உவமையாக வருவதை அறிவோம்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பெயர்ப்பலகை வைக்குமாறு வேண்டுகிறோம். லால்பாக்குத் தோட்டத்து மரங்களில் பெயர் எழுதிய பலகைகளைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே நம் தொட்டிகளிலும் தமிழ்ப்பெயர், கன்னடப்பெயர், தாவர நூற்பெயர் மூன்றும் இருக்கட்டும். கற்பூரவள்ளி என்று நாம் சொல்வதைக் கன்னடத்தார் தொட்டபத்ரெ என்பர். வல்லாரையை ஒந்தெலகம் என்பர். ஆடாதோடையை ஆடுசோகெ என்பர். மொழி மாறுமிடத்தில் செடி மாறிவிடக் கூடாது. பெயர் எழுதத் தெரியாத செடியை வாயில் இடலாகாது என்பதை வீட்டுச் சட்டமாக்குக.

பெயருக்குக் கீழே மேலும் நான்கு செய்திகளை எழுதுக. எதற்கு, எவ்வளவு, எவருக்கு ஆகாது, எத்தனை நாளில் தீராவிடில் மருத்துவரிடம் செல்லவேண்டும். கருவுற்ற பெண்டிர், கைக்குழந்தைகள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மாத்திரை உண்போர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் எந்த மூலிகையையும் தொடர்ந்து உண்ணலாகாது. மருத்துவரிடம் செல்லும்போது உண்ட பச்சிலையின் பெயரை ஒளிக்காமல் சொல்க. அங்கே பெயரை மறைப்பது நம் உயிருக்கு நாமே செய்யும் வஞ்சனை.

பகவர் ஒரு முறை வயிற்றுப்போக்கால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்குவைக் கண்டு, தாமே நீர் வார்க்க ஆனந்தர் கழுவ, அவரோடு சேர்ந்து தூக்கிப் படுக்கையில் கிடத்தினார். நோயாளியைப் பேணுவது தம்மையே பேணுவதாகும் என்று அங்கே சங்கத்தாருக்கு உணர்த்தினார். பேணுவோர்க்கு வேண்டிய தகுதிகளையும் விநயம் எண்ணுகிறது. மருந்தைச் செய்ய அறிந்திருத்தல், நோயாளிக்குத் தகுவதும் தகாததும் அறிந்திருத்தல், ஆதாயம் கருதாது அன்பினால் பேணுதல், அருவருப்புக் கொள்ளாமை, நல்லுரையால் மனத்தைத் தேற்றுதல் என்பன அவை. அன்பு அவ்வரிசையில் நடுவே நிற்கிறது. அறிவு அதற்கு முன்னே நிற்கிறது. அறிவில்லா அன்பு நஞ்சையும் மருந்தென்று ஊட்டும். அன்பில்லா அறிவு மருந்தையும் பூட்டி வைக்கும்.

எனவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பௌர்ணமிக் கூட்டத்திற்கு வீட்டுக்கு ஒரு கிளையோ நாற்றோ கொண்டு வாருங்கள். வீட்டில் உள்ள முதியவரைக் கையோடு அழைத்து வாருங்கள். அவர் அறிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். சொன்னவர் பெயரையும் மருந்தின் கீழ் எழுதட்டும். சொன்னவற்றுள் எது தேறும், எது தேறாது என்பதை மருத்துவம் கற்ற நம் இளைஞர் ஆராய்ந்து கூறட்டும். தேறாதது விலகினால் முதியோர் மனம் வருந்த வேண்டா. தம் சொல்லையும் பொன்போல் உரைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆசிரியரின் மாணாக்கர் நாம்.

மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். சொன்னால் அண்டை வீட்டாருக்கும் உதவும், தவறானால் திருத்தப்படும், சரியானால் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். அனைவர்க்கும் நோயின்மையும் நல்லறிவும் உண்டாகுக.